கையேடு எழுதுபவர்களுக்கு ஒரு சங்கம் எதற்கு?



புது மிக்சி வாங்கினால் கூடவே ஒரு சிறு புத்தகம் வரும். பிரிக்காமலேயே அலமாரியில் போட்டுவிடுவோம். அதை எழுதியவர் பெயர் அதில் இருக்காது. நாமும் கேட்க மாட்டோம். நம் பள்ளியில் படித்த சிலருக்கு இன்று அதுதான் தொழில். 'டெக்னிக்கல் ரைட்டர்' என்கிறார்கள். "இந்த வேலைக்குன்னு சங்கங்கள் இருக்கு சார், சந்தா கட்டிச் சேர்ந்தா என்ன லாபம்?" என்று உங்களில் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதான் வரும். பொறுமையாகப் படியுங்கள்.

தொழில் பழையதுதான். ஆங்கிலக் கவிஞர் சாசர், 1391 வாக்கில் அஸ்ட்ரோலேப் என்ற வானியல் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று தன் சின்ன மகனுக்காக ஒரு விளக்க நூல் எழுதினார். பையனுக்கு லத்தீன் போதாது என்பதால் எளிய ஆங்கிலத்தில் எழுதினார். படிப்பவன் யார் என்று பார்த்து எழுதுவது என்ற பாடம் அப்போதே இருக்கிறது.

அந்த எழுத்தில் உயிரே அடங்கியிருக்கிறது என்பதை 1935 காட்டியது. அந்த ஆண்டு அக்டோபர் 30 அன்று, அமெரிக்காவின் ரைட் ஃபீல்டு தளத்தில் போயிங்கின் புதிய குண்டுவீச்சு விமானம் சோதனையின்போது விழுந்து எரிந்தது. இருவர் இறந்தார்கள். இயந்திரத்தில் கோளாறு இல்லை. தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமலிருக்கப் போடும் பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். ஓட்டியவர்கள் கைதேர்ந்த விமானிகள். அதன் பிறகுதான் வரிசையாகப் படித்துச் சரிபார்க்கும் பட்டியல் விமானிகளின் கைக்கு வந்தது. அந்த விமானமே பிறகு பி-17 என்று பெயர் பெற்றது.

இரண்டாம் உலகப்போரில் வயல்காட்டிலிருந்து வந்த பையன்களுக்கு ரேடாரையும் பீரங்கியையும் பழக்க வேண்டியிருந்தது. கையேடு எழுதுவது முழுநேர வேலையானது. போர் முடிந்ததும் கணினி வந்தது. ஆனால் எழுதியவர்கள் ஆளுக்கொரு தொழிற்சாலையில், பொறியாளர்கள் நடுவே தனியாக உட்கார்ந்திருந்தார்கள். 'இவர் எழுத்தர்தானே' என்ற பார்வை வேறு. சந்தேகம் வந்தால் கேட்க இன்னொரு ஆள் கிடையாது.

தனி மரம் தோப்பாகாது என்று அவர்களுக்கும் புரிந்தது. 1953-இல் பாஸ்டனில் ஒரு சங்கம், நியூயார்க்கில் ஒரு சங்கம். அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் ஒன்று. முதல் இரண்டும் 1957-இல் சேர்ந்தன. மூன்றாவது 1960-இல் இணைந்தது. 1971-இல் 'சொசைட்டி ஃபார் டெக்னிக்கல் கம்யூனிகேஷன்' என்ற பெயர் வந்தது, சுருக்கமாக எஸ்.டி.சி. பிரிட்டனில் 1972-இலும் ஜெர்மனியில் 1978-இலும் இதே தொழிலுக்குச் சங்கங்கள் உருவாயின. எஸ்.டி.சி.க்கு இந்தியாவிலும் கிளை இருந்தது, மாநாடுகள் நடத்தியது.

சேர்ந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? முதலில் கேட்க ஆள் கிடைத்தது. மாநாட்டில் பக்கத்து நாற்காலிக்காரர் அதே சிக்கலை வேறு ஊரில் தீர்த்திருப்பார். அடுத்தது, எழுதியதைத் தொழில் தெரிந்தவர்களே படித்துக் குறை சொல்லும் போட்டிகள். பிறகு ஆய்விதழ். சம்பள விவரத் தொகுப்பு. முதலாளி சொல்வதுதான் கணக்கு என்று இருந்த இடத்தில் இது பெரிய பலம்.

இவற்றைவிடப் பெரியது ஒன்று. அமெரிக்க அரசின் தொழில் வழிகாட்டி நூலில், எழுத்தாளர்கள், பதிப்பாசிரியர்கள் கூட்டத்தோடு சேர்த்தே இவர்களையும் போட்டிருந்தார்கள். சங்கம் விடாமல் பேசியது. 2010-11 பதிப்பில் இத்தொழிலுக்குத் தனி இடம் கிடைத்தது. தனியாள் ஒருவர் மனு போட்டு இது நடந்திருக்காது.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஒரு காலத்தில் 20,000 பேருக்கு மேல் இருந்த எஸ்.டி.சி., 2025 ஜனவரியில் திவால் என்று அறிவித்துக் கதவைச் சாத்திவிட்டது. உறுப்பினர்கள் குறைந்தார்கள், வருமானம் சரிந்தது, கடன் ஏறியது. பாடமும் தகவலும் இணையத்தில் சும்மா கிடைக்கும்போது சந்தா எதற்கு என்று பலரும் நினைத்திருக்கலாம். அவரவர் கணக்கு அவரவருக்குச் சரிதான். ஆனால் எல்லோரும் அப்படியே கணக்குப் போட்டால் தேர் நிலையிலேயே நின்றுவிடும்.

ஆகவே என் பதில் இது. சங்கம் பாடம் சொல்லித்தரும் டியூஷன் கடை இல்லை. பாடம் வேறெங்கும் கிடைக்கும். தொழிலுக்குப் பெயர், நியாயமான கூலி, கேட்க ஒரு மனிதர் - இவை கூடி நின்றால்தான் கிடைக்கும். சேருமுன் மூன்று விஷயம் பாருங்கள்: வரவு செலவைக் காட்டுகிறார்களா, உங்கள் ஊரில் நேரில் கூடுகிறார்களா, புதியவர்களுக்கு வேலை கொடுக்கிறார்களா. மூன்றும் இருந்தால் சேருங்கள். சேர்ந்தால் சந்தா கட்டியதோடு நிற்காதீர்கள். நாற்காலி எடுத்துப் போடும் வேலையாவது கேட்டு வாங்குங்கள். பெரிய சங்கம் அருகில் இல்லையென்றால் நான்கு பேர் மாதம் ஒருமுறை கூடுங்கள். பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் முதலில் கூடியவர்களும் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்தவர்கள்தானே.

எல்லோரும் நலமாக இருங்கள்.