கண்ணாடிக்கு யார் எஃப்5 அழுத்துறது?

இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. ரொம்ப நாளா டிராஃப்ட்லயே தூங்கிக்கிட்டு இருந்த மேட்டரை இன்னிக்கு முடிச்சுடலாம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் பொட்டி தட்டுற சமாச்சாரம், நடுவுல எங்க ஊர்ப் பெருமை. பொறுத்துக்குங்க :-)

எங்க ஊர் அடி அண்ணாமலை. கிரிவலம் போனவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 14 கிலோமீட்டர் பாதையில, பெரிய கோயில் இருக்கிற கிழக்குப் பக்கத்துக்கு மறுபுறம், மலைக்கு மேற்கே இருக்கிற ஊர். ஆதி அண்ணாமலையார் கோயில் இங்கதான். எங்க வீட்டுக் கூடத்துல ஒரு ஸ்மார்ட் கண்ணாடி செஞ்சு மாட்டியிருக்கேன். பாதி வெளிச்சத்தை உள்ள விடுற கண்ணாடி, அதுக்குப் பின்னாடி ஒரு பழைய மானிட்டர், ஒரு ராஸ்பெரி பை. அவ்வளவுதான். தலை சீவிக்கிட்டே மணி, திதி, மழை வருமா, பௌர்ணமி எப்ப பொறக்குதுன்னு பாத்துக்கலாம்.

நான் இருக்கிறது சென்னையில. கண்ணாடியைப் பார்க்கிறது அப்பாவும் அம்மாவும். பௌர்ணமி நேரம் எங்க ஊர்ல பக்தி விஷயம் மட்டும் இல்லைங்க. லட்சக்கணக்கான பேர் நடக்க ஆரம்பிச்சா வண்டியை வெளிய எடுக்க முடியாது. மருந்து, பால், காய்கறி எல்லாத்தையும் முன்னாடியே பாத்துக்கணும். அதனால கண்ணாடியில தெரியறது சரியா இருந்தாகணும். ஆனா அதுல கீபோர்டும் கிடையாது, மவுஸும் கிடையாது. திரை உறைஞ்சு போனா யார் எஃப்5 அழுத்துறது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனா, அது கம்ப்யூட்டருக்கு முன்னாடியே ஆரம்பிக்குது. தூரத்துல நடக்கிற ஒண்ணை வீட்டுல இருந்தே தெரிஞ்சுக்க ரெண்டே வழிதான். நாம அடிக்கடி போய்ப் பார்த்துட்டு வரணும், இல்லைன்னா அங்க இருக்கிறவங்க சொல்லி அனுப்பணும்.

ரெண்டாவது வழிக்கு எங்க ஊரைவிட நல்ல உதாரணம் கிடையாது. கார்த்திகை தீபத்தன்னிக்கு சாயங்காலம் 6 மணி சுமாருக்கு பெரிய கோயில்ல அர்த்தநாரீஸ்வரர் வெளிய வருவார். சில நிமிஷம்தான். அப்பவே 2668 அடி மலை உச்சியில மகாதீபம் ஏத்துவாங்க. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்களுக்குக் கோயில் கோபுரம் கண்ணுல படாது. ஆனா உச்சி தெரியும். தீபம் தெரிஞ்ச உடனே வீட்டு வாசல்ல விளக்கு எரியும். யாரும் நிமிஷத்துக்கு ஒரு தடவை கோயிலுக்கு ஓடிப்போய் "ஆச்சா? ஆச்சா?"ன்னு கேக்கறது இல்லை. ஒரு சேதி, மலையைச் சுத்தி எல்லாருக்கும் ஒரே நேரத்துல.

சொல்லி அனுப்புறதுலயே இன்னொரு வகை, குறிச்ச நேரத்துக்குத் தவறாம சொல்றது. 1792ல நுங்கம்பாக்கத்துல கிழக்கிந்தியக் கம்பெனி கட்டின மெட்ராஸ் வானாய்வுக் கூடத்தோட கடிகாரத்தை வச்சு, கோட்டையில ராத்திரி 8 மணிக்குப் பீரங்கி வெடிப்பாங்க. ஊர்க்காரங்க அவங்கவங்க கடிகாரத்தைத் திருத்திக்குவாங்க. அப்புறம் தந்தி வழியா மெட்ராஸ் நேரம் நாடு முழுக்க ரயில்களுக்குப் போச்சு. அது கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் சொச்சம் முன்னாடி. 1906 ஜனவரி 1ல இன்னிக்கு நாம வச்சிருக்கிற ஐந்தரை மணிக் கணக்கு வந்தப்ப, மெட்ராஸ் சுமார் 9 நிமிஷம் முன்னாடி நகர வேண்டியதாப் போச்சு.

இப்ப பொட்டிக்கு வருவோம். 1979ல வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸ்ல க்ரான்னு ஒரு நிரல் இருந்தது. காலத்துக்கான கிரேக்கச் சொல்லுல இருந்து வந்த பேரு. நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து, பட்டியலைப் பார்த்து, இப்ப செய்ய வேண்டியது ஏதாவது இருந்தா செஞ்சுட்டு மறுபடி தூங்கிடும். நம்ம ராக்கோழி வாட்ச்மேன் மாதிரி. அந்தக் காலத்துலயே அமெரிக்காவுல பர்டியூ பல்கலைக்கழகத்துல 100 பேருக்கு ஆளுக்கொரு பட்டியல் கொடுக்கப் பார்த்தப்ப, நிமிஷா நிமிஷம் எல்லாத்தையும் புரட்டியே மெஷின் திணறிடுச்சு. அதனால அடுத்த வேலை எப்பன்னு கணக்குப் போட்டு, அதுவரைக்கும் நிம்மதியா தூங்குற மாதிரி மாத்தினாங்க. 1987ல பால் விக்ஸி எழுதின க்ரானோட வம்சம்தான் இன்னிக்கும் நிறைய லினக்ஸ் பொட்டிகள்ல ஓடுது.

அடுத்தது காபி. நம்மாளுங்களுக்குப் பிடிச்ச இடம் :-) 1991ல கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்துல, மாடி மாடியா ஏறி இறங்கி வந்து பார்த்தா காபிக் குடுவை காலியா இருக்குதேன்னு கடுப்பானவங்க, அதுக்கு முன்னாடி ஒரு கேமராவை வச்சாங்க. நிமிஷத்துக்கு மூணு தடவை மாதிரி படம் புதுசாகும். 1993ல அது வலைக்கு வந்து உலகப் புகழ் அடைஞ்சு, 2001 ஆகஸ்ட் 22ல அணைஞ்சது. இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. கேமரா உறைஞ்சு போச்சுன்னா திரை இருட்டாகாது. குடுவை நிறைய காபி அப்படியே தெரியும். நம்பிப் போனா காலி!

வலைப்பக்கத்துக்கும் இதே கதைதான். 1995ல நெட்ஸ்கேப் 1.1, பக்கத்துக்குள்ளயே "இத்தனை வினாடி கழிச்சு மறுபடி வா"ன்னு எழுதற வசதியைக் கொடுத்தது. அருமையான வசதி, கூடவே ஒரு பெரிய ஓட்டை. ரீலோட் ஆகுற அந்த நொடியில இணைப்பு இல்லைன்னா உலாவி ஒரு பிழைப் பக்கத்தைக் காட்டும். அந்தப் பிழைப் பக்கத்துக்குள்ள "மறுபடி வா"ன்னு யாரும் எழுதி வைக்கலையே. அங்கேயே நின்னுடும். அப்புறம் 2005 வாக்குல எல்லாரும் அஜாக்ஸ் அஜாக்ஸ்னு பேசினோமே, அதுல பக்கம் அப்படியே இருக்கும், தகவல் மட்டும் மாறும். இணைப்பு போனா பழைய தகவல் சத்தமே இல்லாம உக்காந்திருக்கும். அதாவது மறுபடியும் அந்தக் காபிக் குடுவை.

2014ல நெதர்லாந்துக்காரர் மிஷேல் டேயூ தன்னோட மேஜிக் மிரரை உலகத்துக்குக் காட்டினார். அதுக்கப்புறம் வீட்டுக் கண்ணாடி செய்யறவங்க எல்லாரும் அதே வழியிலதான் போறோம். கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கிறது ஒரு வலைப்பக்கம்தான். அதனால மேல சொன்ன அத்தனை வியாதியும் அதுக்கும் உண்டு. வாரக்கணக்கா ஓடினா உலாவி நினைவகத்தை விழுங்கி மெதுவாகிறது வேற.

எங்க வீட்டுக் கண்ணாடிக்கு நான் போட்ட அட்டவணை இதுதான். முதல்ல, ரீலோட் பக்கத்துக்குள்ள இல்லை. வெளிய இருந்து க்ரான் தினமும் விடியக்காலை மூன்றரைக்கு உலாவியையே மூடித் திறக்கும். இணைப்பு இருக்கான்னு பார்த்துட்டுத்தான் திறக்கும். ரெண்டாவது, கரண்ட் போய் வந்தா. 2023ல வந்த பை 5க்கு முந்தின மாடல்கள்ல கடிகாரச் சில்லு கிடையாது. கரண்ட் வந்ததும் கடைசியா எழுதி வச்ச பழைய நேரத்துல இருந்து எண்ண ஆரம்பிச்சுடும், வலையில இருந்து சரியான நேரம் வர்ற வரைக்கும். ஆகவே நேரம் சரியான பிறகுதான் கண்ணாடி திறக்கணும்னு கட்டளை. மெட்ராஸ் பீரங்கி செஞ்ச வேலையை இன்னிக்கு வலை செய்யுது.

மூணாவதுதான் சுவாரஸ்யம். க்ரானுக்கு நிமிஷம், மணி, தேதி, மாசம், கிழமை அஞ்சும் தெரியும். திதி தெரியாது. சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவுல 12 பாகை விலகினா ஒரு திதி. அதுக்கு 19 மணி நேரமும் ஆகலாம், 26 மணி நேரமும் ஆகலாம். பௌர்ணமி காலை 11 மணிக்கும் பொறக்கும், நடுராத்திரியிலயும் பொறக்கும். அதனால பஞ்சாங்கக் கணக்குல இருந்து ஒவ்வொரு மாசமும் நேரத்தை எடுத்து, அந்த ஒரு தடவைக்கு மட்டும் தனியா ஒரு வேலையைப் பதிவு பண்ண வேண்டியிருக்கு. தினசரி வேலை ஆங்கில நாட்காட்டிக்கு, மாச வேலை நிலாவுக்கு.

இதெல்லாத்தையும் விட முக்கியமானது, கண்ணாடியோட மூலையில ஒரு சின்ன வரி: "கடைசியா சரிபார்த்தது காலை 9:40". ஒரு மணி நேரத்துக்கு மேல பழசானா அந்த வரி சிவப்பாகும், பௌர்ணமி நேரம் மறைஞ்சுடும். தப்பான நேரத்தைக் காட்டுறதை விட ஒண்ணும் காட்டாம இருக்கிறது மேல். சிவப்பா இருந்தா அப்பா கண்ணாடியை விட்டுட்டு, ஆணியில மாட்டின தினசரிக் காலண்டரைப் பார்ப்பார். அதுல தினமும் ஒரு தாளைக் கிழிக்கணும். கிழிக்கலைன்னா பழைய தேதின்னு பார்த்ததுமே தெரிஞ்சுடும்.

டிஸ்கி: இந்த ஆணி வேற, ஆபீஸ் ஆணி வேற. உங்க வீட்டுலயும் இப்படி ஒரு திரை ஓடுதுன்னா, எத்தனை மணிக்கு ரீலோட் வச்சிருக்கீங்க, ஏன் அந்த நேரம்னு சொல்லிட்டுப் போங்க.