கல், ஆள், எண்: சேர்வராயன் மலையிலிருந்து சிறப்பு நூலகங்களைப் பார்த்தல்

செம்மநத்தம் என்ற பேரைப் படித்ததும் வருவாய்த்துறைக்காரரின் கண் பின்பாதியில் போய் நிற்கும். நத்தம் என்றால் குடியிருப்பு மனை. ஏற்காடு தாலுகாவின் இம்மாதிரி ஊர்களில் வீடு இருக்கிறது, கோயில் இருக்கிறது, சுடுகாடு இருக்கிறது. ‘எப்போதிருந்து இருக்கிறீர்கள், அத்தாட்சி என்ன?’ என்று சர்க்கார் கேட்டால்தான் தடுமாற்றம். காகிதமே இல்லாமலில்லை. லெ ஃபானுவின் சேலம் மாவட்டக் கையேடு (1883) தொடங்கி ரிச்சர்ட்ஸின் கெசட்டியர் (1918) வழியாக இந்த மலையைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். அதெல்லாம் எங்கே, யாருக்காக, எந்த ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கிறது என்பதே இங்கு கேள்வி. சிறப்பு நூலகம், தகவல் மையம் என்கிற நிறுவனங்களின் வரலாற்றை இந்த மலையில் நின்றுகொண்டும் வாசிக்கலாம்.

நிலவியல் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அங்கே ஆரம்பித்தது என்பார்கள். கடைசிக் காலத்தில் அவர் குடியிருந்தது ஏற்காட்டில். அவருடைய சேகரிப்பை 1904இல் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. 1912இல் அவர் இறந்தார். விளக்கப் பட்டியல் 1914இலும் குறிப்புகள் 1916இலும் அச்சாயின. கல்லுக்கு எண், கிடைத்த இடம், வகை. இதைக் குறைசொல்ல வரவில்லை. அந்தப் பட்டியல் இல்லையென்றால் அவ்வளவும் வெறும் கற்குவியல். ஆனால் ஜவ்வாது முதலான மலைகளில் புதியகற்காலக் கோடரிகளை மரத்தடியில் வைத்துப் பிள்ளையார் என்று கும்பிட்டு வந்தவர்கள் உண்டு. இடத்தையும் வகையையும் கொண்டு அடுக்கிய பட்டியலில் கும்பிட்டவரைத் தேடிப்போக வழி இல்லை.

சேகரிப்பை வாங்கிய காலத்தில் அருங்காட்சியகத்தின் தலைமையில் இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். மனிதர்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தவர். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலின் நான்காம் தொகுதியில் ‘மலையாளி’ என்ற பதிவு இருக்கிறது. (கேரளத்துக்காரர் அல்ல, இவர்கள் தமிழ் பேசும் மலைக்குடிகள்.) கல்லைச் சேர்த்த அலுவலகமே ஆளையும் அளந்து சேர்த்தது. 1896இல் திறந்த கன்னிமாரா நூலகமும் அதே வளாகத்தில்தான். இந்த அடுக்கில் மலையாளி ஒரு தலைப்பு, வாசகர் அல்ல.

அதே 1909இல் அமெரிக்காவில் ஜான் காட்டன் டானா முன்நின்று சிறப்பு நூலகங்களுக்கான சங்கத்தைத் தொடங்கினார். கம்பெனிக்காரருக்கோ அதிகாரிக்கோ வேண்டிய தகவலைத் தக்க சமயத்தில் எடுத்துத் தருவது வேலை. பயனர் யார் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுகிற நிறுவனம் இது. வேகமாக வேலை செய்வது அதனால்தான். வெளியாள் வந்து நின்றால் திணறுவதும் அதனால்தான்.

நம்ம ஊர் ரங்கநாதன் இதை யோசித்திருக்கிறார். 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்றின் சாரம், நூலுக்குரிய வாசகரைத் தேடிப்பிடிப்பது நூலகத்தின் பொறுப்பு என்பது. 1948ஆம் வருஷத்துச் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் பின்னாலும் அவர் உழைப்பு உண்டு. ஆனால் 1952இல் டெல்லியில் வந்த இன்ஸ்டாக்கும் 1962இல் பெங்களூரில் அவரே தொடங்கிய ஆவணப் பயிற்சி மையமும் பெரும்பாலும் விஞ்ஞானியையும் தொழில்துறையையும் மனதில் வைத்தவை. ஏற்காட்டிலேயே 1963இல் இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறை ஆர்க்கிட் தோட்டம் போட்டது. அத்துறையின் தென்வட்டார உலர்தாவரத் தொகுப்பு இருப்பது கோயம்புத்தூரில். மலையில் கிடைத்தது கீழே இறங்கிவிடுகிறது.

இது ஏதோ ஏக்கம் சார்ந்த விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்துக்கான விதிகள் 2008இல் வந்தன. விதி 13 சான்றுகளைச் சொல்கிறது: கெசட்டியர், மக்கள்தொகைக் கணக்கு, நில அளவை, நிலவரித் திட்ட அறிக்கைகள், வரைபடம், வனத்துறைத் திட்டங்கள். அதாவது சிறப்பு நூலகத்துச் சரக்கு. கூடவே கிணறு, இடுகாடு, கோயில், பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதிவைத்தது ஆகியவையும் செல்லும். தர்ஸ்டனின் அடுக்கில் தலைப்பாக இருந்தவர் இங்கே சாட்சியாகிறார். ஆனால் அவர் சொன்னதை எழுதி, எண் போட்டு, பத்திரமாக வைக்கிற இடம் எது? பழங்குடிப் பட்டியலில் ‘மலையாளி’ என்ற பேர் மாவட்டப் பேர்களோடு ஒட்டி வருவதால், ஈரோட்டுப் பர்கூர் மலைக்காரர்கள் சான்றிதழுக்கு வெகுகாலம் அலைய வேண்டிவந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பழைய கெசட்டியர்கள் இப்போது இணையத்தில் கிடைக்கின்றனவே என்பார்கள். கிடைக்கின்றன, ஆங்கிலத்தில், பக்கங்களின் படமாக. செம்மநத்தத்தை ஒரு வெள்ளைக்கார அதிகாரி எத்தனை விதமாக எழுத்துக்கூட்டியிருக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள். தேடுபொறி எதைப் பிடிக்கும்? மலையிலேயே ஒரு நூலகத்தில் வைக்கத் தமிழில் ஒரு ஊர்ப்பெயர்ச் சொல்லடைவு போதும்: ஊரின் பேர், பழைய ஆவணத்தில் அதன் எழுத்துக்கூட்டல்கள், எந்த நூல், எந்தப் பக்கம், அந்தப் பத்தியின் தமிழ். அதற்கடுத்த அட்டையில் பெரியவர் சொன்னது, சொன்ன தேதியோடு.