விந்தணு உருவாகும் விதம்: உயிரணுப் பகுப்பும் ஆர்.என்.ஏ. கட்டுப்பாடும்

விந்துப் பரிசோதனை அறிக்கையில் "விந்தணுக்கள் காணப்படவில்லை" என்று இருந்தால், அது இரண்டு நிலைகளில் ஒன்றைக் குறிக்கலாம். விந்தணு உருவாகியும் வெளிவரும் பாதை அடைபட்டிருக்கலாம். அல்லது விரையில் விந்தணு உருவாவதே தடைபட்டிருக்கலாம். இப்பக்கம் இரண்டாவது நிலையைப் பற்றியது.

விரைக்குள் நடப்பது என்ன?

விரையின் நுண்குழல்களில் உள்ள மூல உயிரணுக்கள் முதலில் மைட்டாசிஸ் எனும் சாதாரணப் பகுப்பால் பெருகுகின்றன. பின்னர் அவற்றில் ஒரு பகுதி குன்றல் பகுப்புக்கு மாறுகிறது. இப்பகுப்பில் 46 குரோமோசோம்கள் 23 ஆகக் குறைகின்றன. அதன் பிறகு தலையும் வாலும் அமைந்து விந்தணு முழுமை பெறுகிறது. இதற்கு ஏறத்தாழ 74 நாட்கள் ஆகும். கடுங்காய்ச்சலுக்குப் பின் எண்ணிக்கை குறைந்திருந்தால், மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பரிசோதிக்கச் சொல்வது இதனால்தான். வளைகுடா நாடுகளிலிருந்து ஓரிரு மாத விடுப்பில் ஊர் வருவோர் இந்தக் கால அளவை மனத்திற்கொண்டு, வந்த முதல் வாரத்திலேயே பரிசோதனையைத் தொடங்குவது நல்லது.

ஆர்.என்.ஏ.வின் பங்கு

மரபணுவை மூலப்பத்திரம் என்று கொண்டால், ஆர்.என்.ஏ. அதன் நகல். உயிரணுவில் புரதம் தயாரிக்கும் வேலை நகலைக் கொண்டே நடக்கிறது. எந்த நகலை இப்போது பயன்படுத்துவது, எதைப் பின்னர் எடுக்க வைப்பது, எதை அழிப்பது என்பதைச் சில புரதங்கள் தீர்மானிக்கின்றன. இதுவே ஆர்.என்.ஏ. கட்டுப்பாடு.

சாதாரணப் பகுப்பிலிருந்து குன்றல் பகுப்புக்கு மாறும்போது பழைய பகுப்புக்குரிய நகல்கள் அகற்றப்பட வேண்டும். எலிகளில் ஒய்.டி.எச்.டி.சி.2, மியாக் ஆகிய புரதங்கள் இணைந்து இப்பணியைச் செய்வதாக ஆய்வுகள் காட்டின. இவை இல்லாத எலிகளின் உயிரணுக்கள் குன்றல் பகுப்பைத் தொடங்கி, அதை முடிக்காமலே பழைய பகுப்புக்குத் தாவ முயன்று மடிகின்றன. அந்த எலிகள் மற்றபடி வளர்ந்து நடமாடுகின்றன. ஆனால் அவற்றுக்கு விந்தணு உருவாவதில்லை. இறுதிக் கட்டத்திலும் ஆர்.என்.ஏ.வின் பங்கு உண்டு. விந்தணுத் தலைக்குள் டி.என்.ஏ. இறுக்கமாகச் சுருட்டப்பட்டபின் புதிய நகல் எடுக்க இயலாது. ஆகவே முன்கூட்டியே எடுத்துச் சேமித்த நகல்களே அப்போது பயன்படுகின்றன.

இது நோயாளிக்கு எவ்விதம் பொருந்தும்?

ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஒய் குரோமோசோமில் ஏ.இசட்.எஃப். எனும் பகுதி ஏ, பி, சி என மூன்றாகப் பிரித்துக் குறிக்கப்படுகிறது. 'சி' பகுதியில் டாஸ், 'பி' பகுதியில் ஆர்.பி.எம்.ஒய். எனும் மரபணுக்கள் உள்ளன. இவ்விரண்டும் ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும் புரதங்களை உருவாக்குபவை. இப்பகுதிகளில் நுண்ணிய இழப்பு நேர்ந்தால் விந்தணு உற்பத்தி குறையலாம் அல்லது நின்றுபோகலாம்.

ஐதராபாத்தில் உள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் கே. தங்கராஜ் உள்ளிட்ட அறிவியலாளர்கள், விந்தணு இல்லாத 340 இந்திய ஆண்களை ஆராய்ந்து 2003ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். அவர்களில் 29 பேருக்கு, அதாவது 8.5 விழுக்காட்டினருக்கு, ஒய் குரோமோசோமில் இழப்பு இருந்தது. 'சி' பகுதி இழப்பே மிகுதி.

இதனை அறிய இரத்த மாதிரி போதும். விரையிலிருந்து விந்தணுவை எடுக்கும் அறுவைக்கு முன்பே இப்பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். முடிவு சிகிச்சையின் போக்கையே மாற்றக்கூடியது. 'ஏ' பகுதியோ 'பி' பகுதியோ முழுவதுமாக இழக்கப்பட்டிருந்தால் அறுவையில் விந்தணு கிடைக்கும் வாய்ப்பு அநேகமாக இல்லை. கடன் வாங்கி அறுவைக்குச் செல்வதற்குள் இதை அறிந்திருப்பது குடும்பத்துக்குப் பெரும் உதவி. 'சி' பகுதி இழப்பு மட்டும் எனில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அறுவையில் விந்தணு கிடைக்கிறது. எனினும் அதன்வழிப் பிறக்கும் ஆண் குழந்தைக்கும் அதே இழப்பு செல்லும். ஆகவே மரபியல் ஆலோசனை பெற்றபின் முடிவெடுக்கவும்.

பராமரிப்பாளர்கள் கவனத்திற்கு

குழந்தை வரம் வேண்டி இராமேஸ்வரம் வரும் தம்பதியர் பலர். வேண்டுதல் அவரவர் நம்பிக்கை. அதில் மருத்துவத்துக்கு மறுப்பில்லை. ஆனால் மனைவிக்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் பரிசோதனை செய்துவிட்டு, கணவரின் விந்துவை ஒருமுறையும் பரிசோதிக்காதிருப்பது முறையன்று. எளிதானதும் செலவு குறைந்ததும் விந்துப் பரிசோதனையே. 2 முதல் 7 நாட்கள் உடலுறவும் விந்து வெளியேற்றமும் தவிர்த்து மாதிரி தர வேண்டும். விந்தணு இல்லை என்று வந்தால் மீண்டும் ஒருமுறை செய்தே உறுதிப்படுத்த வேண்டும்.

விந்தணு இன்மை ஆண்மைக் குறைவு அன்று. பகுப்பு பாதியில் நின்றுபோன பலருக்கு உடலுறவுத் திறன், ஹார்மோன் அளவு, விரையின் அளவு அனைத்தும் இயல்பாகவே இருக்கும். மருத்துவர் பரிந்துரையின்றி டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். அது உள்ள விந்தணு உற்பத்தியையும் அடக்கிவிடும். மேற்கூறிய மரபணு இழப்பைச் சரிசெய்யும் மருந்து எதுவும் இதுவரை இல்லை. அவ்வாறு கூறி விற்கப்படும் லேகியங்களுக்கும் பொடிகளுக்கும் பணம் செலவழிக்க வேண்டாம்.

முதலில் அருகிலுள்ள அரசு மருத்துவமனையையோ இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ தம்பதியராகவே அணுகுங்கள். முந்தைய விந்துப் பரிசோதனை அறிக்கைகள், சிறுவயதில் விரை இறங்காமை அல்லது குடலிறக்கத்துக்குச் செய்த அறுவையின் விவரம், அம்மைக்கட்டு வந்து விரை வீங்கியதுண்டா என்ற செய்தி ஆகியவற்றை உடன் கொண்டு வரவும்.