லினக்ஸில் ஒலி அட்டை முடங்குதல்

லினக்ஸ் கணினியில் ஒரு நிரல் ஒலி அட்டையைத் தன்வசம் பிடித்துக்கொள்வதால் மற்ற நிரல்களில் ஒலி எழாமல் போகும் நிலை இது. 'சாதனம் பயன்பாட்டில் உள்ளது' என்ற பொருளில் பிழைச்செய்தி வரும். கெர்னல் தரும் பிழை எண் 16. அட்டை பழுதாகிவிட்டது என்று பலர் அஞ்சுகிறார்கள். அஞ்ச வேண்டியதில்லை, அட்டையைக் கெர்னல் அடையாளம் கண்டிருக்கிறது என்பதற்கே இந்தச் செய்தி சான்று.

பெரும்பாலான அட்டைகள் ஒரு நேரத்தில் ஒரே ஒலியோட்டத்தைத்தான் ஏற்கும். சவுண்ட் பிளாஸ்டர் லைவ் போன்ற சில மட்டுமே பல ஓட்டங்களைத் தாமே கலக்கவல்லவை. பழைய ஓ.எஸ்.எஸ். முறையில் முதலில் வந்த நிரலுக்கே அட்டை சொந்தம். 2003இல் வெளியான கெர்னல் 2.6 அதற்குப் பதிலாக அல்சாவை முன்னிறுத்தியது. அதன் டிமிக்ஸ் செருகுநிரல் ஒலிகளை மென்பொருளிலேயே கலந்தது. பின்னர் பல்ஸ் ஆடியோ, இப்போது பைப்வயர் ஆகிய ஒலிச் சேவையகங்கள் அந்த வேலையை ஏற்றன. இவற்றைத் தாண்டி ஏதேனும் ஒரு நிரல் அட்டையை நேரடியாகத் திறக்கும்போதுதான் இன்று முடக்கம் நேர்கிறது. இசைப்பதிவுக்கான ஜாக், பின்னணியில் ஓடும் டிமிடிட்டி ஆகியவை அடிக்கடி அகப்படுபவை.

யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்ப்பதே முதல் வேலை. டெவ் கோப்புறைக்குள் உள்ள எஸ்.என்.டி. கோப்புகளின்மீது ஃபியூசர் கட்டளையை விரிவான வெளியீட்டுடன் இயக்கினால் நிரலின் பெயரும் செயல்முறை எண்ணும் தெரியும். பிற பயனர்களின் நிரல்களையும் காண ரூட் அனுமதி தேவை. ப்ராக் கோப்புறையின் அசவுண்ட் பகுதியில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நிலைக்கோப்பு உண்டு. ஓட்டம் திறந்திருந்தால் உரிமையாளரின் எண்ணும் அதில் இருக்கும்.

பட்டியலில் பல்ஸ் ஆடியோவோ பைப்வயரோ தெரிந்தால் அது இயல்பே. அதைக் கொல்வது வீண். பெரும்பாலும் அது உடனே மீண்டும் எழும். நேரடியாகத் திறக்க முயன்ற நிரலின் அமைப்பில், வன்பொருள் பெயரை நீக்கி இயல்புநிலைச் சாதனத்தைத் தேர்வதே சரியான தீர்வு. நேரடி அணுகல் கட்டாயமென்றால் பல்ஸ் ஆடியோவை பா-சஸ்பெண்டர் கட்டளையால் தற்காலிகமாக விலக்கலாம். வேறு நிரல் பிடித்திருந்தால் அதை முறையாக மூட வேண்டும். கட்டாய நிறுத்தம் கடைசி வழி.

பலர் பகிரும் கணினியில் இன்னொரு காரணமும் உண்டு. பயனர் மாறும்போது முந்தையவரின் ஒலி அனுமதியைக் கணினியே விலக்கிவிடும். அவர் ஆடியோ குழுவில் சேர்க்கப்பட்டிருந்தால் அந்த விலக்கல் பலிக்காது. அவரது ஒலிச் சேவையகம் அட்டையை விடாது. பழைய வழிகாட்டிகள் சொன்னபடி அக்குழுவில் சேர்த்த பயனர்களை, தக்க காரணமில்லையெனில், நீக்கிவிடலாம்.