ஜப்பான் குண்டுக்குத் தப்பியது. வெற்றிலை எச்சிலில் சிக்கியது! ஹவுரா பாலத்தின் கதை

சென்னையில் இருந்து ஹவுரா மெயிலில் போய் இறங்குகிறவர்கள், ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் அண்ணாந்து பார்ப்பது ஹவுரா பாலத்தைத்தான். நடுவில் ஹூக்ளி ஆறு. எதிர்க்கரையில் கொல்கத்தா.

இங்கே முன்பு இருந்தது மிதவைப் பாலம். 1874-ல் போட்டது. கப்பல் வந்தால் நடுப்பகுதியை ஒதுக்கி வழிவிட வேண்டும். அதுவரை வண்டியும் ஜனமும் கரையில் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

ஆற்றுக்குள் தூண் எழுப்பினால் கப்பலுக்கு இடைஞ்சல். மண்ணும் மேடிட்டுவிடும். அதனால் ஆற்றில் ஒரு தூண் கூட இல்லாமல் புதிய பாலம் கட்ட முடிவானது.

1936-ல் வேலை தொடங்கியது. அஸ்திவாரத்துக்கு ராட்சத கேய்சன்களை (அடி இல்லாத பெட்டி மாதிரி) மண்ணில் இறக்கினார்கள். உள்ளே தோண்டத் தோண்ட நங்கூரம், பீரங்கி, கிழக்கிந்திய கம்பெனி காலத்து நாணயம் எல்லாம் கிடைத்தன. ஒரு நாள் அடிமண் சரிந்து, மொத்தமும் 2 அடி கீழே இறங்கியது. அந்த அதிர்ச்சி கிதர்பூரில் இருந்த நிலநடுக்கக் கருவியில் பூகம்பமாகவே பதிவானது!

கரைக்கு ஒன்றாக 2 இரும்புக் கோபுரங்கள், உயரம் 82 மீட்டர். இரண்டு பக்கமும் கையை நீட்டுவது போல இரும்புச் சட்டங்களை நீட்டிக்கொண்டே வந்து நடு ஆற்றில் சேர்த்தார்கள். கோபுரங்களுக்கு இடையே 457 மீட்டர். ரோடு கீழே தொங்குகிறது, 39 ஜோடி இரும்புச் சட்டங்களில். நட்டு, போல்ட் கிடையாது. எல்லாம் ரிவிட் அடித்ததுதான்.

மொத்தம் 26 ஆயிரத்து 500 டன் இரும்பு. உலகப்போர் வந்ததால் இங்கிலாந்து இரும்பு வருவது குறைந்தது. சுமார் 23 ஆயிரம் டன்னை டாடா கம்பெனியே கொடுத்தது.

1943 பிப்ரவரி 3-ந்தேதி பாலம் திறந்தபோது விழா எதுவும் இல்லை. ஜப்பான் விமானம் குண்டு போடும் என்ற பயம். முதலில் ஓடியது ஒரு டிராம். அந்த டிராம் 1993-ல் நின்றுபோனது. 1965-ல் 'ரவீந்திர சேது' என்று பெயர் மாற்றினார்கள். ஜனங்கள் வாயில் இன்னும் ஹவுரா பாலம்தான்.

எச்சில் அரித்த இரும்பு

குண்டுக்குத் தப்பிய பாலத்துக்கு வினை வேறு பக்கம் இருந்து வந்தது. நடந்து போகிறவர்கள் பான் மென்று, ரோட்டைத் தாங்கும் சட்டங்களின் அடியில் துப்பிவிட்டுப் போனார்கள். சுண்ணாம்பு கலந்த எச்சில் இரும்பைத் தின்றது. தண்ணீர் இறங்காமல் இருக்க அங்கே மாட்டியிருந்த 6 மி.மீ. கனமான தகடு, 2011-ல் சோதித்தபோது 3 மி.மீட்டருக்கும் கீழே தேய்ந்திருந்தது. அதுவும் நாலே வருஷத்தில்!

ஃபைபர் கிளாஸ் உறை மாட்டுவது என்று துறைமுக நிர்வாகம் முடிவெடுத்தது. அதற்குக் கணக்கிட்ட செலவு 20 லட்சம் ரூபாய்.