யவனத் தச்சரின் பெயர்

மோகனூரில் காவிரிக் கரையில் நின்று தெற்கே நோக்கினால், அகன்ற மணற்பரப்புக்கு அப்பால் கருவூர்ச் சீமை தெரியும். வடக்கே திரும்பி நாமக்கல்லை அடைந்தால், லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளின் சம்மட்டி ஓசை காதில் விழும். அப்பட்டறைகளில் நாள்தோறும் வழங்கும் ‘மெக்கானிக்’ என்னும் சொல் ஆங்கிலத்தின் வழியே நம்மிடம் வந்ததாயினும், அதன் பிறப்பிடம் கிரேக்க மொழி. பொறி, உபாயம் எனப் பொருள்படும் ‘மேகனே’ என்பதே அதன் வேர். சொல் வந்து சேர்வதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, அச்சொல்லுக்குரிய மனிதர் தமிழகத்துக்கு வந்துவிட்டார். அவரை நம் இலக்கியம் ‘யவனத் தச்சர்’ என்று அழைக்கிறது. அம்மனிதரின் வாழ்வை நினைவுகூர நாம் இங்கே முற்படுகிறோம்.

‘யவனர்’ என்பது ‘அயோனியா’ என்னும் கிரேக்கப் பகுதியின் பெயரிலிருந்து பிறந்த சொல். பின்னர் உரோமைப் பேரரசின் குடிகளாய் மேற்கிலிருந்து வந்த அனைவரையும் அது குறித்தது. கி.மு. 30இல் எகிப்து உரோமையர் ஆட்சிக்கு உட்பட்ட பின், பருவக்காற்றின் துணைகொண்டு செங்கடல் துறைகளிலிருந்து கப்பல்கள் இந்தியாவை நோக்கிப் பெருவாரியாகப் புறப்பட்டன. மயோஸ் ஹோர்மோஸ் என்னும் ஒரு துறையிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 120 கப்பல்கள் சென்றதாகக் கிரேக்க நிலவியலறிஞர் ஸ்திராபோ எழுதியுள்ளார். அக்கப்பல்கள் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு மீண்டதை அகநானூற்றின் 149ஆம் பாடல் நமக்குச் சொல்கிறது.

முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொடுமணலையும் கருவூரையும் நோக்கி வணிகப் பெருவழி ஒன்று சென்றது. கருவூரைச் சேரரின் தலைநகர் எனக் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி குறித்துள்ளார். அவ்வூரை ஒட்டிய அமராவதி ஆற்றுப்படுகையில் உரோமைக் காசுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அகழாய்விலோ மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள் வெளிப்பட்டன. மோகனூர் மக்கள் இன்று பாலத்தின் வழியே எளிதிற் சென்றுவரும் அதே கருவூர்தான் அது.

ஆயினும் காசு வணிகனின் கதையைச் சொல்லுமேயன்றி உழைப்பாளியின் கதையைச் சொல்லாது. உழைப்பாளியைத் தேடி நாம் புலவர்களிடமே செல்லவேண்டும். நெடுநல்வாடையில் பாண்டியனின் அரண்மனையில் எரியும் விளக்கு, யவனர் செய்த பாவை தன் கையில் ஏந்தி நிற்கும் அகல் விளக்கு. முல்லைப்பாட்டில் போர்ப்பாசறையில் அரசனின் இருக்கையை அமைத்து, அதில் விளக்கு ஏற்றுவோர் வலிய உடல்வாகு கொண்ட யவனர். கொங்குநாட்டுப் புலவராகிய கொங்குவேளிரின் பெருங்கதையும் யவனத் தச்சரைப் பேசுகிறது.

அன்றைய கிரேக்க உலகம் பொறித் தொழிலில் எத்துணை உயர்ந்திருந்தது என்பதற்குச் சான்றுகள் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோன், நீராவியால் சுழலும் உருண்டையையும், காசு இட்டால் கோயில் தீர்த்தம் வழங்கும் பொறியையும் விவரித்து எழுதினார். கிரேக்கத் தீவாகிய ஆண்டிகித்தராவின் அருகே மூழ்கிய கப்பலிலிருந்து 1901இல் மீட்கப்பட்ட வெண்கலக் கருவியோ, பற்சக்கரங்களால் கோள்களின் போக்கைக் கணித்தது. நம் நாட்டுக்கு வந்த தச்சர் இத்தகைய அரும்பொறிகளைச் செய்தார் என்று நாம் கூறவில்லை. மரத்தையும் உலோகத்தையும் நுட்பமாகக் கையாளும் மரபில் வளர்ந்தவர் அவர் என்பது மட்டும் தெளிவு.

அவர் இங்கே எவ்வாறு வாழ்ந்தார்? மொழி தெரியாதவர் படும் பாட்டை முல்லைப்பாட்டே உணர்த்துகிறது. பாசறையின் உள்ளறையில் பணிபுரிந்த அயல்நாட்டார் நாவால் பேச இயலாமல் உடலசைவால் பேசினர் என்கிறார் புலவர். வரவேற்பும் எப்போதும் இனிதாய் இருக்கவில்லை. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் யவனரைப் பிடித்துக் கைகளைப் பின்கட்டாகக் கட்டித் தலையில் நெய் ஊற்றிய செய்தியைப் பதிற்றுப்பத்தின் பதிகம் புகழாகவே பாடுகிறது. அயலான் என்பவன் அன்றும் அச்சத்தோடுதான் வாழ்ந்தான் போலும்.

இதற்கு மாறான ஒரு காட்சியை மணிமேகலை நமக்குக் காட்டுகிறது. சோழ மன்னனின் பூங்காவில் ஒளிரும் மண்டபம் ஒன்றை எழுப்பியவர் யாவர் எனச் சாத்தனார் வரிசைப்படுத்துகிறார்: மகத நாட்டு வினைஞர், மராட்டக் கம்மியர், அவந்தி நாட்டுக் கொல்லர், யவனத் தச்சர். இவர்கள் தமிழ் வினைஞரோடு ஒன்றுகூடி அதைச் செய்தனர் என்கிறார். ‘கூடி’ என்னும் அந்த ஒரு சொல்லில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். யவனரைப் புலவர் விருந்தினர் என்றும் சொல்லவில்லை, பகைவர் என்றும் சொல்லவில்லை. தமிழருக்குத் தோள்கொடுத்த தொழிலாளராகவே அவரை நிறுத்துகிறார்.

‘தச்சர்’ என்னும் சொல்லும் கருதத்தக்கது. நாசரேத்தூர் மக்கள் இயேசுவைத் தச்சர் என்று சுட்டியதாக மாற்கு நற்செய்தி கூறுமிடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ‘தெக்தோன்’. அதற்கும் வடமொழியின் ‘தக்ஷன்’ என்பதற்கும் வேர் ஒன்றே என்பர் மொழியறிஞர். நம் ‘தச்சன்’ அவ்வடமொழிச் சொல்லோடு உறவுடையது. மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்த ‘தோமாவின் பணிகள்’ என்னும் பழைய நூலில், இந்திய மன்னர் குண்டபர் அனுப்பிய வணிகர் மேற்கே தச்சரைத் தேடிச் சென்று தோமாவை விலைக்கு வாங்கிவருகிறார். அந்நூலை நாம் வரலாறாகக் கொள்வதில்லை. எனினும், இந்திய அரசன் மேற்கிலிருந்து தொழிலாளரை வரவழைப்பது அக்கால மக்களுக்கு நம்பத்தகாத செய்தியாக இருக்கவில்லை என்பதை அது காட்டுகிறது.

இனி, அத்தச்சரின் பெயர் என்ன? முசிறி வணிகம் பற்றிய கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரசு ஏடு ஒன்று வியன்னாவில் உள்ளது. கப்பலின் பெயர் ஹெர்மபொல்லோன் என்றும், தந்தம் இத்தனை எடை, அதன் விலை இத்தனை என்றும் அது நுணுகிக் கணக்கிடுகிறது. செங்கடல் கரையிலுள்ள குசைர் அல்-காதிமில் கிடைத்த பானை ஓடுகளிலோ ‘கணன்’, ‘சாதன்’ எனத் தமிழ்ப் பிராமி எழுத்தில் நம்மவர் பெயர்கள் உள்ளன. அங்கே போன தமிழனின் பெயர் ஓட்டுத் துண்டிலேனும் நிலைத்தது. இங்கே வந்த யவனத் தச்சர் ஒருவரின் பெயரையேனும் நம் புலவர் எவரும் குறித்து வைக்கவில்லை. அவர் நாட்டையும் தொழிலையும் மட்டுமே நாம் அறிகிறோம்.

இதை எழுதும்போது நம் நெஞ்சு உறுத்துகிறது. சென்ற ஆண்டு நம் பங்கு ஆலயத்தின் கூரை வேலை நடந்தது. கணக்கேட்டை அண்மையில் புரட்டினோம். உள்ளூர்க் கொத்தனாரும் கம்பி கட்டுபவரும் பெயரோடு இருந்தனர். உச்சியில் ஏறி இரும்புச் சட்டங்களைப் பற்றவைத்த இளைஞர்களைப் பற்றி, ‘வடநாட்டார் இருவர், கூலி’ என்று மட்டும் நம் கையெழுத்திலேயே இருந்தது. பதினெட்டு நாள் நம் வளாகத்தில் உண்டு உறங்கியவர்களின் பெயரை நாம் ஒருமுறையும் கேட்கவில்லை. ஈராயிரம் ஆண்டுக் காலப் புலவர் செய்யாததைக் குறைகூறுவதற்கு நமக்கு ஏது உரிமை? திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் வண்டிகளோடு வடமாநிலங்களுக்குச் செல்லும் நம் பிள்ளைகளும் அங்கே ‘மதராசி இருவர்’ என்றுதானே எழுதப்படுவர்!

ஒப்பந்தக்காரர் வழியாக விசாரித்து, அவ்விருவர் பெயரையும் அதே வரியின் மேல் எழுதிவைத்தோம். அது சிறு செயலே. காலம் தாழ்ந்த செயலுங்கூட.

மோகனூர்ச் சிவன் கோயிலில் இறைவனுக்கு அசலதீபேசுவரர் என்று பெயர்; அசையாத விளக்கு என்பது அதன் பொருள். பாண்டியன் அரண்மனையில் யவனர் செய்த பாவை விளக்கும் நம் இலக்கியத்தில் அவ்வாறே அணையாது நிற்கிறது. அதைச் செய்த கைக்குரிய மனிதரின் பெயரை நாம் இனி மீட்க இயலாது. இன்று நம் கூரைமேல் நிற்பவரின் பெயரைக் கேட்க மட்டும் இன்னும் நேரம் இருக்கிறது.