மனத்தைக் காட்டும் துணி



கோபம் வந்தால் முகம் சிவக்கிறது. அச்சம் வந்தால் வெளிறிப் போகிறது. "என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கிறதே?" என்று அம்மா கேட்கும்போது, நாம் வாய் திறக்காமலே நம் மனம் வெளியே தெரிந்துவிட்டது என்று பொருள். முகம் செய்கின்ற இந்த வேலையை நாம் உடுத்துகின்ற சட்டையும் செய்தால் எப்படி இருக்கும்? மகிழ்ச்சிக்கு ஒரு நிறம், துயரத்துக்கு வேறொரு நிறம்! பாட்டி சொல்லும் மாயக் கதை போல் தோன்றினாலும், இதற்காக உண்மையாகவே உழைத்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அந்த உழைப்பின் வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

இந்த வரலாறு துணிக்கடையில் தொடங்கவில்லை, கேரட்டில் தொடங்குகிறது. 1888ஆம் ஆண்டு பிராக் நகரில் இருந்த ஃபிரீட்ரிக் ரைனிட்சர் என்னும் தாவரவியலார், கேரட்டிலிருந்து எடுத்த கொழுப்புப் பொருள் ஒன்றை ஆராய்ந்து கொண்டிருந்தார். அதைச் சூடாக்கியபோது ஏறத்தாழ 145 பாகையில் உருகிக் கலங்கிய நீர்மம் ஆயிற்று. இன்னும் சூடாக்கினார், 178 பாகையளவில் அந்தக் கலங்கல் தெளிந்தது. ஒரு பொருள் இரண்டு முறை உருகுமா? அதுமட்டுமன்று, ஆறும்போது ஊதாவும் நீலமுமாக நிறங்கள் மின்னி மறைந்தன. வியந்து போன அவர், ஜெர்மானிய இயற்பியலார் ஓட்டோ லேமனுக்குக் கடிதம் எழுதினார். நீர் போல ஓடினாலும் படிகம் போல ஒழுங்குடைய அந்தப் பொருளுக்குப் பின்னர் 'திரவப் படிகம்' என்ற பெயர் வந்தது.

அதே 1888இல், பிரான்ஸ் நாட்டில் சார்ல்ஸ் ஃபெரே என்ற மருத்துவர் வேறொன்றைக் கண்டார். ஒருவர் உடலில் மிக மெல்லிய மின்சாரத்தைச் செலுத்திவிட்டு, அவர் உணர்ச்சியைத் தூண்டினால், தோல் மின்சாரத்தை எளிதாகக் கடத்துகிறது என்பதே அது. உள்ளம் கலங்கினால் உள்ளங்கை வியர்க்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே! அந்த வியர்வையை அளக்க ஒரு வழி பிறந்தது. ஒருவர் நிறத்தைக் கண்டார், மற்றவர் மனத்தின் தடத்தைக் கண்டார். இரண்டும் ஒரு துணியில் சந்திக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

1960களில் ஜேம்ஸ் ஃபெர்கசன் என்ற அமெரிக்கர், வெப்பத்துக்கேற்ப நிறம் மாறும் திரவப் படிகங்களைப் பயனுள்ள பொருளாக்கினார். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியில் ஒட்டி வெப்பம் பார்க்கும் பட்டை இருக்கிறதே, அது இந்த வகைதான். 1975இல் நியூயார்க்கில் அதே பொருளைக் கண்ணாடிக் கல்லுக்குள் அடைத்து 'மனநிலை மோதிரம்' என்று விற்றார்கள். அமைதியாக இருந்தால் விரலில் இரத்தம் நன்றாக ஓடும், விரல் சூடாகும், கல் நீலமாகும். அஞ்சினால் இரத்தக் குழாய்கள் சுருங்கும், விரல் குளிரும், கல் கறுக்கும். சொல்லிய காரணத்தில் உண்மை இருந்தது. ஆனால் பனிக்கட்டிக் கிண்ணத்தைத் தொட்டுவிட்டு வந்தாலும் கல் கறுத்துத்தான் போகும்! அதை மனக்கவலை என்று சொல்ல முடியுமா?

துணிக்கு வருவோம். 1991இல் சியாட்டில் நகரத்து ஜெனெரா நிறுவனம் 'ஹைப்பர்கலர்' என்ற சட்டைகளைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. கையை வைத்துச் சற்று நேரம் கழித்து எடுத்தால், கை பட்ட இடம் வேறு நிறமாகியிருக்கும். இது எப்படி நடந்தது? கேமரன் மலையில் இருக்கும் உறவினர் வீட்டில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைப் பார்த்திருக்கிறீர்களா? குளிரில் வெள்ளையாக உறைந்திருக்கும். சூடு பட்டால் தெளிந்து உருகும். அதுபோல் உறைந்து உருகும் மெழுகுத் தன்மையுள்ள பொருள், ஒரு சாயம், ஓர் இளங்காடி ஆகிய மூன்றையும் கண்ணுக்குத் தெரியாத சிறு உறைகளில் அடைத்துத் துணியில் பதித்தார்கள். குளிரில் சாயமும் காடியும் இணைந்து நிறம் தரும். சூட்டில் மெழுகு உருகி அவற்றைப் பிரிக்க, நிறம் மறையும். அடியில் ஏற்கெனவே தோய்த்திருந்த நிலையான சாயம் வெளிப்படும். நீலம் மறைந்தால் ஊதாச் சட்டை இளஞ்சிவப்பாகும்.

பிப்ரவரி முதல் மே வரை நான்கே மாதங்களில் 5 கோடி டாலருக்கு விற்றது! ஆனால் மறு ஆண்டே நிறுவனம் நொடித்தது. தேவைக்கு மேல் வளர்ந்தது ஒரு காரணம். துணியின் குறையும் தெரிந்துவிட்டது. சுடுநீரில் துவைத்தால், இஸ்திரி போட்டால் உறைகள் கெட்டு நிறம் மாறாமல் நின்றுபோகும். அக்குள் எப்போதும் சூடான இடம் அல்லவா? அங்கே மட்டும் தனி நிறம் பளிச்சென்று தெரிந்தது. அதை எந்த இளைஞர்தான் விரும்புவார்!

இச்சட்டையும் மோதிரமும் மனத்தை அறியவில்லை, சூட்டை மட்டுமே அறிந்தன. மனத்தை நெருங்க ஃபெரேயின் வழி தேவைப்பட்டது. 2006இல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 'புபெல்' என்ற உடையைச் செய்து காட்டியது. உள்ளடுக்கில் உடலின் மாற்றங்களை உணரும் கருவிகள். அவை சொல்கிறபடி வெளியடுக்கில் ஒளி படர்ந்து நிறம் மாறும். விற்பனைக்கு அன்று, எதிர்காலத்தை எண்ணிப் பார்க்கச் செய்த உடை அது. பின்னர் கிறிஸ்டின் நைட்லிங்கர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், கையில் அணியும் உணரிகளால் உணர்ச்சியின் ஏற்ற இறக்கத்தை அளந்து, கழுத்துப் பட்டையில் நிறவிளக்காகக் காட்டும் மேலாடையைச் செய்தார்.

இங்கே நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தோலின் வியர்வை, உள்ளம் எவ்வளவு கிளர்ந்திருக்கிறது என்று சொல்லும். எதனால் என்று சொல்லாது. தேர்வு முடிவைக் கண்டு துள்ளும் பெண்ணுக்கும், பாம்பைக் கண்டு நடுங்கும் பெண்ணுக்கும் உள்ளங்கை ஒரே மாதிரிதான் வியர்க்கும். உச்சி வெயிலில் செம்பனைக் குலை சுமந்து வருகிறவருக்குக் கோபமே இல்லாமலும் வியர்த்துக் கொட்டும். அவர் சட்டை சிவந்து, "இவன் முறைக்கிறான்" என்று மேற்பார்வையாளர் எடுத்துக்கொண்டால்? முதலாளி முன்னால் மனத்தை மறைத்து நிற்பது பல வேளைகளில் ஏழைக்குப் பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பைச் சட்டையே பறித்துவிடக் கூடாது. அணிகிறவர் விரும்பினால் அணைத்து வைக்கக் கூடியதாக இல்லாத எந்த உடையையும் நாங்கள் ஏற்க மாட்டோம்.

2018இல் அமெரிக்காவின் மத்திய ஃபுளோரிடாப் பல்கலைக்கழகத்தார் அறிவித்த துணி இந்த வகையில் நமக்குப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு நூலின் உள்ளேயும் மிக மெல்லிய உலோகக் கம்பி. மேலே வெப்பத்தில் மாறும் வண்ணம். கம்பியில் சிறிது மின்சாரம் ஓடினால் நூல் இளஞ்சூடாகி நிறம் மாறும். அந்தத் துணி யார் மனத்தையும் படிப்பதில்லை. எந்த நேரத்தில் மாற வேண்டும் என்று, அணிந்திருப்பவர் தம் கைப்பேசியில் தொட்டுச் சொல்கிறார்.